லுக் ஆஃப்டருக்கு ஒரு வாக்கியம்

வகுப்பில் அன்று ‘லுக் ஆஃப்டர்’. கண்ணால் பார்ப்பதற்கு ‘லுக் அட்’, தேடுவதற்கு ‘லுக் ஃபார்’. ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பதற்குத்தான் ‘லுக் ஆஃப்டர்’ என்றார் டீச்சர். வெளிநாட்டு முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வகுப்பு அது. டீச்சருக்கு ஒரு பிடிவாதம்: அவரவர் வீட்டில் நடப்பதைத்தான் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பொய் வாக்கியம் நாக்கில் ஒட்டாதாம்.

தன் முறை வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள்.

“ரொம்ப சரி. நீ கிளம்பிட்டா அவங்களை யாரு பாத்துக்குவாங்க? இன்டர்வியூல அதைத்தான் கேப்பாங்க. ஆளில்லேன்னா உன்னை எடுக்க மாட்டாங்க.”

மற்றவர்களுக்குப் புருஷனோ அக்காவோ இருந்தார்கள். அவள் புருஷன் செத்து வருஷமாகிறது. மகன் போன துக்கத்திலேயே அத்தைக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. சம்பாதிக்க அவளை விட்டால் ஆளில்லை.

விஷயத்தைக் கேட்ட அத்தை, “எம் பொண்ணு பாத்துக்குவான்னு சொல்லு” என்றாள்.

நாத்தனாருக்குப் போன் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாள். வீடு சின்னது என்றாள். அண்ணி மாதிரிப் பார்த்துக்கொள்ள யாருக்கு வரும் என்று புகழ்ந்துவிட்டு வைத்துவிட்டாள்.

“நல்லாப் பேசறா. அவளும் உன் கிளாஸுக்கு வர்றாளா?” என்றாள் அத்தை. “பரவால்ல, நீ அவ பேரையே சொல்லு.”

பாத்திரம் கழுவும்போதும் அத்தையின் காலை நீவிவிடும்போதும் அந்தப் பொய்யை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு முறையும் ‘நான்’தான் முதலில் வந்து நின்றது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட அத்தை கட்டிலில் இருந்தபடி திருத்தினாள்.

இன்டர்வியூ அன்று போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் இருந்த பெண்மணி அந்தக் கேள்வியைக் கேட்டாள். “ஐ லுக் ஆஃப்டர்…” என்று வந்துவிட்டது. நீ இங்கே வந்த பிறகு யார் என்று அந்தப் பெண்மணி மறுபடி கேட்டாள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

உள் அறையிலிருந்து, கோணிய வாயின் குழறலோடு, ஊருக்கே கேட்கிற மாதிரி அத்தையின் குரல்: “மை டாட்டர் லுக்ஸ் ஆஃப்டர் மீ.”

பெண்மணி சிரித்தாள். குறித்துக்கொண்டாள். கடைசியில், வேலை உனக்குத்தான் என்றாள்.

உள்ளே போனால் படுக்கை முழுக்க நனைந்திருந்தது.

“கூப்பிட்டிருக்கலாமே அத்தை.”

“நீ பேசிட்டிருந்தியே. எப்பப் போகணுமாம்?”

“அடுத்த மாசம்.”

அத்தை நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நானா எழுந்திரிக்கறேன். பிடிக்காத, விடு” என்றாள்.

அவள் கையை எடுத்தாள். அத்தை பாதி எழும்பி, அப்படியே சரிந்தாள். மருமகள் தாங்கிப் பிடித்து, ஈரச் சேலையை உருவ ஆரம்பித்தாள்.

“நாளைக்கும் எழுந்திரிச்சுப் பாக்கலாம்” என்றாள் அத்தை, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.