ஐந்தில் தொடங்கும் அளவுகோல்

அந்தப் புதன்கிழமை ஆய்வகத்தில் இருந்தவர்கள் இவர்கள். கதவோர மேசையில் ஷிப்மன் வீட்டு இரட்டையர், கிரெட்டாவும் குன்தரும். நடு மேசையில் டாக்னி லுண்டும் எவரெட் பைலும். மக்காச்சோள வயலைப் பார்த்த ஜன்னலோர மேசையில் கோல்பி ரஸ்க்கும், மார்லா நோவாச்செக் ஆகிய நானும். எதிரே, கால்பந்துப் பயிற்சியும் தருபவர் என்பதால் விசில் இன்னும் கழுத்தில் தொங்க, ப்ரூக்ஹார்ட் சார். ஆறு மாணவர், ஓர் ஆசிரியர். ஆறில் ஒருவர் குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவோம் என்று மாவட்ட அலுவலகம் ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தது.

அந்த ஆறாவது ஆள் நான்தான். எனக்கு வேண்டியது செவிலியர் படிப்பு. அதற்கான உதவித்தொகைக்கு என் சராசரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தக் கல்லூரித் தரத்து இயற்பியல் வகுப்பு இல்லாமலே அது கிடைத்திருக்கும். என் தோழி டாக்னிக்கு அப்படியில்லை. அவள் போக நினைத்த பொறியியல் கல்லூரி, இந்தப் பாடம் இல்லாத விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்காது. "சும்மா வந்து உக்காருடி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொல்லித்தான் சேர்ந்தேன்.

சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த வகுப்பில் மாணவரிடம் எதிர்பார்ப்பது என்ன என்று சார் தட்டச்சு செய்த விதிகள். தினமும் ஒரு மணி நேர வீட்டுப்பாடம். மே மாதப் பொதுத்தேர்வை எழுதியே ஆக வேண்டும். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு விலக முடியாது. நான்காவது விதி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: அளந்த எண்ணைத்தான் எழுத வேண்டும், தெரிந்த எண்ணை எழுதுகிறவருக்கு இந்த வகுப்பில் இடமில்லை. அப்பா அதைப் படிக்காமலே தானிய லாரியின் முன்மூடி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் புதன்கிழமை ஊசல் சோதனைத் தாள்கள் திரும்பி வந்தன. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஆடும் நேரத்தை வைத்துப் புவி ஈர்ப்பைக் கணக்கிட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்று உலகத்துக்கே தெரியும். மற்ற இரண்டு மேசைக்கும் அதுவேதான் வந்திருந்தது. எங்களுக்கு மட்டும் பத்து புள்ளி மூன்று. பாதி மதிப்பெண், பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனமாக எண்ணு' என்று ஒரு வரி.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் கோல்பி. "நேரத்தைக் கொஞ்சம் இழுத்துப் போடுன்னு. நீதான் பெரிய பாதிரியார் மாதிரி, கையெழுத்துப் போட்டிருக்கோம், அது இதுன்னே."

"மூணு தடவை எண்ணினோம்டா. மூணு தடவையும் அதான் வந்துச்சு."

"வந்துச்சு. இப்ப மார்க்கும் வந்துச்சு பாரு."

என் சராசரி உதவித்தொகைக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. விலகுவதற்கான கெடு அந்த வெள்ளிக்கிழமைதான். அதற்குள் ஒவ்வொருவரும் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், இருக்கிறேன் அல்லது விலகுகிறேன் என்று. விலகினால் டாக்னி போச்சு. இருந்தால் நான் போச்சு.

வியாழன் மதியம் சாப்பாட்டுக்கு வழக்கம்போல் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லியும், இனிப்பு சினமன் ரோலும். தட்டைத் தள்ளிவைத்தேன். தச்சு வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய மீட்டர் அளவுகோலைத் திருப்பிக் கொடுக்கும் முறை என்னுடையது என்பதால் எழுந்து போனேன். பள்ளியிலேயே அந்த ஒரு கோல்தான். மூன்று மேசையும் அதன் நீளத்துக்குத்தான் நூலை வெட்டினோம்.

அதை ஆணியில் மாட்டப் போனபோது நுனியில் பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். முதலில் தெரிந்த எண் ஐந்து.

"இதோட நுனி எங்கே?" என்று கேட்டேன்.

அங்கே மரம் இழைத்துக்கொண்டிருந்த பையன் நிமிரவில்லை. "பெயின்ட் கலக்கி நுனி கெட்டுப்போச்சு, அறுத்துட்டோம். இங்க எல்லாம் அடி, அங்குலம். மீட்டரை வச்சு யார் என்ன பண்ணப்போறா?"

நான் அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். எங்கள் நூல் நூறு சென்டிமீட்டர் இல்லை, தொண்ணூற்றைந்து. நூறு என்று நம்பிக் கணக்குப் போட்டால் பத்து புள்ளி மூன்றுதான் வர வேண்டும். ஒன்பது புள்ளி எட்டு வரவே வராது. அப்படியானால் நான்கு பேர் தெரிந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் என் மதிப்பெண் திரும்பும். நான்கு பேர் வெளியேறுவார்கள், வகுப்பு மூடப்படும், விலகியவள் என்ற பெயர்கூட இல்லாமல் நான் வெளியே வந்துவிடலாம். கதவு திறந்திருந்தது. மனசுக்குள் அதன் குறுக்கே டாக்னி நின்றாள்.

பள்ளி விட்டதும் அவளுடைய வண்டியில் ஏறி, திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்த கோலை மடியில் வைத்தேன். பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"பத்து ஆட்டத்துக்குப் பத்தொன்பதரை செகண்டு வந்துச்சு" என்றாள். "இருபது சொச்சம்னு எழுதினேன். எவரெட் இல்ல, நான்தான்."

"ஏன்டி?"

"தப்பா எண்ணிட்டோம்னுதான் நினைச்சேன். கோலு பொய் சொல்லும்னு யாருக்குத் தெரியும்?" ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். "சொல்லப்போறியா?"

"சொல்லலேன்னா என் சராசரி?"

"அப்ப சொல்லு. நர்ஸ் ஆகப்போறவ, கை பழக நாலு பேரைத் தீர்த்துட்டுப் போ."

கோலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு முன் கோலை சாரின் மேசையில் வைத்தேன். "சார், இது அஞ்சுல ஆரம்பிக்குது." மற்ற மேசைகளின் பேச்சை எடுக்கவில்லை.

அவர் நுனியைத் தடவிப் பார்த்தார். பிறகு தாள் கட்டிலிருந்து மற்ற இரண்டு மேசைத் தாள்களையும் உருவி அருகருகே வைத்தார். காது சிவந்தது. அந்த நேரத்தில் டாக்னி உள்ளே வந்தாள்.

"சார், எங்க தாள்ல இருக்கறது நாங்க அளந்தது இல்ல..."

"கதவை மூடு" என்றார் சார்.

அவள் திகைத்தாள். "என்ன சார்?"

"முதல்ல கதவை மூடும்மா. வெளிய இருக்கற யார் காதுலயாவது விழுந்தா நான் அந்த விதிப்படி நடந்தாகணும்."

டாக்னி மூடினாள். வயலில் அறுவடை இயந்திரம் கிட்டே வந்து திரும்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"விதி நீங்க எழுதினதுதானே சார்?" என்றேன்.

"அதை எழுதின வருஷம் வகுப்புல இருபது பேர் இருந்தாங்க, மார்லா." விசிலைக் கழற்றிக் கோலின் மேல் வைத்தார். "இப்ப நாலு பேரை அனுப்பினா மிச்சம் ரெண்டு. நீ ஒருத்தி போனா அஞ்சு. எப்படிக் கழிச்சாலும் வகுப்பு இல்ல. உன் மார்க்கையும் கோல்பி மார்க்கையும் இப்பவே திருத்திடறேன். அவங்களுக்கு இந்தச் சோதனையில சைபர். திங்கக்கிழமை எல்லாரும் திரும்ப அளக்கணும். இதுக்கு மேல என்னால முடியாது."

திருத்தினார். என் சராசரி கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை ஏறி நின்றது. அடுத்த சோதனையிலேயே அது இறங்கலாம். ஆனால் அந்த அறையில் நடந்ததை வெளியே சொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது. மூன்று பேரும் ஒரே மூடிய கதவுக்குப் பின்னால் நின்றோம்.

நடைவழியில் டாக்னி என் பின்னாலேயே வந்தாள். "விலகறதுன்னா விலகிக்க. நான் கெஞ்ச மாட்டேன்."

"கெஞ்ச வேண்டாம். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. மே மாசம் வரைக்கும், ஒவ்வொரு ஞாயிறும். எனக்குப் புரியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"ஆராதனை முடிஞ்சதுமா?"

"முடிஞ்சதும்."

"ஞாயித்துக்கிழமைதான் நான் தூங்கறதே" என்றாள்.

"இனிமே இல்ல."

அவள் தலையாட்டினாள்.

பள்ளி அலுவலக மேசையில் தபால் பையைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நின்றபடியே 'இருக்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். கீழே பெயர், தேதி. கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து ஓரத்தை நக்கினேன்; பசை கசந்தது. "இதானே கடைசி?" என்று கேட்டார் எழுத்தர் அம்மா. ஆமாம் என்றேன். உறையை வாங்கிப் பைக்குள் போட்டு, அதன் வாயைச் சுருக்கி இறுக்கிக் கட்டினார்.