கோட்டுப் பையில் உப்பு

தேமிஸ் கடைசி மணியின் வாரை அவிழ்க்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மந்தைக்கு முன்னால் நடக்கும் பெரிய கிடா பாஷா கழுத்தைக் கொடுக்காமல் அவனைப் பட்டி முழுக்க இழுத்தடித்தது. அடக்கத்துக்கென்று போட்டிருந்த கறுப்பு கால்சட்டையில் முழங்கால் வரை சாணி.

"அது ஒண்ணையாவது விட்டுடு தம்பி," என்றாள் மோர்ஃபோ, பட்டியின் கற்சுவருக்கு வெளியே நின்று.

"துக்க வீட்டு மந்தைக்கு மணி ஆகாது அண்ணி. அப்பா செத்தப்பவும் கழட்டினோம்."

"உங்கண்ணன் கழட்டக் கூடாதுன்னு சொன்னாரே."

"அவர் என்னதான் சொல்லல? நாம சலங்கை கட்டிக்கிட்டுப் போனா ஊரு என்ன பேசும்?"

அவள் கணவர் ஸ்டெரியோஸ் நேற்று மாலை, வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். ஒரு பூட்ஸ் காலிலேயே இருந்தது. அடுத்த வாரம் மந்தை மேல்மலைக்கு ஏற வேண்டியது. பனி உருகி, ஆடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து மழித்து வைத்த சரிவுகள் பச்சை கட்டியிருந்தன.

சந்தையில் மணி வாங்கப் போனால் அவர் லேசில் திரும்ப மாட்டார். கூழாங்கல்லால் ஒவ்வொன்றையும் தட்டி, காதில் வைத்து, வேண்டாமென்று வைத்து, பொழுது சாயும்போது ஒன்றே ஒன்றை வாங்கி வருவார். பெண் பார்க்க வந்த அன்று இவ்வளவு யோசிக்கவில்லையே என்று மோர்ஃபோ கேலி செய்வாள். போன குளிர்காலத்தில், அவள் பாலாடைக்கட்டி பிழிந்துகொண்டிருந்தபோது, "நான் போற அன்னிக்கு என் மணிங்க வாயை அடைச்சிடாதே. மலைக்கு ஏத்துற மாதிரியே என்னை அனுப்பு," என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போதும் ஒரு பிடி பிடித்திருப்பாள். ஆனால் வார் அவிழ்ந்து மணி கையில் விழுந்ததும் தேமிஸ் அதன் நாக்கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டாள். அண்ணனுக்கு அவன் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அவனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். 

தேவாலயம் சின்னது, கூட்டம் பெரியது. அதனால் பெட்டியை முற்றத்து மரத்தடியில் திறந்து வைத்தார்கள். ஸ்டெரியோஸ் தம் நல்ல கோட்டில் படுத்திருந்தார். ஃபோத்தி பாதிரியார் ஜெபம் சொல்ல, ஊரார் வரிசையாக வந்து நெற்றியில் கடைசி முத்தம் கொடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதியில் அந்த மனிதர் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்று மோர்ஃபோவுக்கு ஆத்திரமாக வந்தது.

வரிசையின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பினாள்.

முற்றம் முழுக்க ஆடுகள். எப்போது வந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. பாஷா வரிசையில் நின்றவர்களை நெம்பித் தள்ளிக்கொண்டு, ஊர்த்தலைவரையும் தாண்டி, நேராகப் பெட்டியில் தலையை விட்டது. கோட்டுப் பையைக் கவ்வி இழுத்தது. கல்லுப்பு சரசரவென்று ஸ்டெரியோஸின் கைமேல் கொட்டியது.

"ஐயோ, இந்த மனுஷன்," என்றாள் மோர்ஃபோ. "ஆட்டுக்குக் குடுக்கிற உப்பை நல்ல கோட்டுல போடாதீங்கன்னு ஞாயித்துக்கிழமை தவறாம கத்துவேன். மாட்டிவிட்ட நானாவது பையைத் துழாவிப் பார்த்தேனா?"

பேசும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்திரையால் வாயை மூடினாள், அடங்கவில்லை. அவள் சிரித்ததும் ஊரும் சிரித்தது. பாதிரியார் புத்தகத்தை மூடி, தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவும் முத்தம் கொடுக்கத்தான் வந்திருக்கு," என்றார். "வரிசையில நிக்கத்தான் தெரியல."

தேமிஸ் முகத்தில் ஈயாடவில்லை. "படலைச் சரியா சாத்தலயோ என்னவோ அண்ணி. இத்தனை உருப்படி தெரு வழியா வந்திருக்கு, ஒரு சத்தம் கேக்கலயே."

"எப்படிக் கேக்கும்? நீதான் எல்லாத்தையும் கழட்டி மூட்டை கட்டிட்டியே."

அவன் அண்ணனைப் பார்த்தான். பாஷா அவர் விரலிடுக்கில் கிடந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது. தேமிஸின் உதடு கோணியது. அழப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிவிட்டுக் கறுப்பு கோட்டோடு வீட்டைப் பார்த்து ஓடினான்.

அவன் வரும்வரை சாராயக் குப்பி கைமாறியது. பெட்டியைச் சுற்றி ஸ்டெரியோஸின் கதைகள் கிளம்பின. மோர்ஃபோ பையில் மிச்சமிருந்த உப்பில் பாதியை அள்ளிக்கொண்டாள். பாதியை அவருக்கே விட்டு, பையின் மூடியைப் போட்டு, கோட்டை நீவிவிட்டாள்.

தேமிஸ் மூட்டையோடு மூச்சிரைக்க வந்தான். பாஷாவின் கழுத்தில் வாரைக் கட்டினான். கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து மணியை ஒருமுறை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு மற்ற ஆடுகளுக்கும் கட்டினான். ஊராரும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

பெட்டியைத் தூக்கினார்கள். மோர்ஃபோ பின்னால் நடந்தாள், உப்பு வைத்த உள்ளங்கையைப் பக்கவாட்டில் விரித்தபடி. பாஷா நடந்துகொண்டே நக்கியது. ஒவ்வொரு முறை நக்கும்போதும் மணி அடித்தது.