பால் வெட்டிய கை

பதினாறு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவளிடம் "கத்தி தீட்டத் தெரியுமா?" என்று கபூர் நானா கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "நீங்க கல்ல மட்டும் குடுங்க" என்றேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

2003ஆம் வருடம் எங்கள் தோட்டத்து டிவிஷனில் கிழட்டு ரப்பர் மரங்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். எனக்கும் என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கும் கிழமைக்கு இரண்டு நாள் புல் வெட்டுகிற வேலைதான் மிச்சம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகலாம் என்று ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை கொழும்பில் மெடிக்கல். மகளுக்கு ஒன்பது வயது. அந்த நேரத்தில்தான் பக்கத்து டவுனான கரவனெல்லையில் கபூர் நானாவின் மேசை நாற்காலி செய்கிற தளபாடப் பட்டறையில் ஆயுதம் தீட்டவும் பலகை இழைக்கவும் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு கிழமை பார்ப்பார். சனிக்கிழமை இரண்டு பலகைகளின் விளிம்பை இடையில் வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி இழைத்துக் காட்டினால் வேலை. இல்லையென்றால் நான் பிளேன் ஏற வேண்டியதுதான்.

முதல் நாளே மூக்குடைபட்டேன். பால் கத்தியை இரண்டு பக்கமும் கல்லில் காட்டுகிற பழக்கத்தில், பலகை இழைக்கிற இழைப்புளியின் அலகு முதுகையும் சாய்த்துத் தேய்த்துவிட்டேன். அதற்கு ஒரு பக்கம்தான் சரிவு. முதுகு தட்டையாக இருக்க வேண்டுமாம். அதைத் திரும்பத் தட்டையாக்க ஒன்றரை நாள் பிடித்தது. கபூர் நானா தட்டையான கல் ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

புதன்கிழமை அலகு கை மயிரை வழித்தது. ஆனால் பலகையில் வைத்துத் தள்ளினால் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போனது. மாவு மாதிரி கொஞ்சம் தூள் விழுந்ததே தவிர சீவல் வரவில்லை. திரும்பத் தீட்டினேன். வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் கல்லைக் குறை சொன்னேன், பலகையைக் குறை சொன்னேன், வெள்ளிக்கிழமை பெய்த மழையைக்கூடக் குறை சொன்னேன்.

சனிக்கிழமை காலை கபூர் நானாவே அலகை இறக்கி, அதைப் பிடித்து நிறுத்துகிற ஆப்பை இறுக்கித் தந்தார். அந்தக் கட்டை இழைப்புளியில் அலகின் தலையில் சுத்தியலால் தட்டினால் அது கீழே இறங்கி மரத்தைக் கடிக்கும்; கட்டையின் பின்பக்கம் தட்டினால் மேலே ஏறும்.

"இப்ப தள்ளுங்க" என்றார்.

நான் வாங்கிப் பலகையில் வைத்தேன்.

"அத ஏன் தட்டினீங்க?"

"எங்க தட்டுனேன்?"

"பின்னால தட்டி அலகை ஏத்தினீங்களே. மூணு நாளா பாத்துக்கொண்டு ஈக்கிறன். அலகு நல்ல கூராத்தான் ஈக்கிது. ஒவ்வொரு தரமும் நீங்கதான் மேல ஏத்துறீங்க."

கையில் சுத்தியல் இருந்தது. தட்டியது எனக்கே தெரியவில்லை. யோசித்தபோதுதான் விளங்கியது. பால் வெட்டுகிறவள் பட்டையைத்தான் சீவலாம். கத்தி உள்ளே மரத்தில் பட்டால் அது காயம். காயத்தைக் கண்டால் கங்காணி சுண்ணாம்புக் கோடு போடுவார், அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் விழும். மரத்தைத் தொடாமல் நிறுத்தியே பழகிய கை இங்கேயும் நிறுத்தியிருக்கிறது. முன்னால் கிடந்ததும் ரப்பர் பலகைதான்.

அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். கபூர் நானா சிரிக்கவில்லை.

"தங்கச்சி, இது அறுத்துக் காயவெச்ச மரம். இதுக்கு இனி காயமும் இல்ல, பாலும் இல்ல. பயப்படாம இறக்குங்க."

அலகை இறக்கினேன். கை திரும்பவும் புத்தியைக் காட்டிவிடும் என்று சுத்தியலை அவரிடமே கொடுத்துவிட்டுத் தள்ளினேன். பலகை முழு நீளத்துக்கும் சீவல் சுருண்டு வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. பெரிய தப்புச் செய்துவிட்டதுபோல, கங்காணி வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பத்துத் தடவை தள்ளிய பிறகுதான் அந்தப் பார்வை நின்றது.

மத்தியானம் இரண்டு பலகைகளையும் ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார். இடையில் வெளிச்சம் தெரியவில்லை.

"ஹரி, சரிதான். திங்கக்கெழம வேலைக்கு ஏழரைக்கு வாங்க."

லயத்து வீட்டுக்கு வந்தபோது மகள் அடுப்படியில் இருந்தாள். பழைய துணியால் சோற்றுப் பானையைப் பிடித்து, கஞ்சி வடிக்கச் சாய்த்துக்கொண்டிருந்தாள். விரலில் புதிய கொப்புளம். நான் வெளிநாட்டுக்குப் போகவில்லை, கரவனெல்லையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவள் பானையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப இத நான் பழக வேணாமாம்மா?"

"வேணாம்டி" என்று பானையை வாங்கினேன்.