நிறுத்தியதாக நினைத்த காமிரா

எண் பதினொன்று என்று போட்டு, அதன் பக்கத்தில் 'இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. ஃபோகஸ் பிடிக்காமல் தேடுகிறது. தெரிந்தே விட்டீர்களா?' என்று ஜான்சி எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. அது தாங்குவது பத்து நிமிடம். பாட்டு நாலு நிமிடம் பத்து வினாடி. அப்படியானால் இன்னும் இரண்டு தடவை பார்க்கலாம்.

கடலூர் முதுநகரில், மளிகைக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதும், மேலிருந்து ரோஜாப்பூ விழ வைப்பதும், மாப்பிள்ளையை இதய வடிவத்துக்குள் அடைப்பதும் எட்டு வருஷமாக அவள் வேலை. வியாழக்கிழமை காலையில் சென்னையிலிருந்து ஒரு கூரியர் வந்தது. உள்ளே ஒரு டி.வி.டி., ஒரு துண்டுச் சீட்டு. 'ஜான்சி, ஒரு ராக் பேண்டுக்கு எடுத்த பாட்டு. திங்கக்கிழமை ஃபைனல் குடுக்கணும். தப்பெல்லாம் நம்பர் போட்டு எழுது, வழக்கம்போல. பூவராகன்.'

பூவராகன் அதே ஸ்டூடியோவில் காமிரா பிடித்தவன். 2006இல் சென்னைக்குப் போனான். ஐந்து வருஷமாக ஒரு வரி இல்லை. இப்போது 'வழக்கம்போல' என்கிறான். சீட்டில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் அதிகத் தடவை படித்தாள். அவன் எடுத்து வரும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தப்புகளை எண் போட்டு எழுதி டப்பாவில் ஒட்டுவது அவள் பழக்கம். ஒன்றுக்கு மேல் விஷயம் இருந்தால் எண் போடு, வலது மூலையில் தேதி போடு என்று பள்ளிக்கூடத்தில் படிந்தது, போகவில்லை. போனில் சொன்னால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். எழுதினால் சொல்ல நினைத்தது மட்டும் நிற்கும்.

ஆனால் இதில் எது தப்பு, எது வேண்டுமென்றே செய்தது என்று பிரிக்க முடியவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளையைச் சரிபார்க்காமல் விட்டதுபோல் எல்லா முகத்திலும் ஒரு பச்சை. காமிரா யார் கையிலோ தொங்கிக்கொண்டே போகிறது. டிரம்ஸ் வேகமெடுக்கும் இடத்தில் எவனும் ஷாட் மாறும் 'கட்'களைக் கூட்டுவான், இவன் குறைத்திருக்கிறான். தாளம் ஓடுகிறது, படம் நடக்கிறது. அதைப் பார்க்கையில் ஓடும் ரயிலில் எதிர்ப்பக்கம் நடப்பவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. எல்லாவற்றையும்விட விசித்திரம், பாடகன் பாடும்போது திரை கறுத்துவிடுகிறது. அவன் மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிப்பது, ஒயரைத் தாண்டுவது, இவ்வளவுதான் படம்.

ஃபேன் நின்ற புழுக்கத்தில் முதலாளி அந்தோணிசாமி துண்டால் விசிறிக்கொண்டு வந்து பின்னால் நின்றார்.

"ஏம்மா, பாடுறவன் வாயவே காட்டலயே. எடுக்கச் சொன்னவன் ஒதைக்க மாட்டான்?"

"ஸ்டைலுண்ணே."

"என்னா ஸ்டைலு! கழுத கெட்டா குட்டிச்சுவரு. பாட வேண்டிய எடத்துல இருட்டு, சும்மா நிக்கிற எடத்துல படம். இவனுக்கு ரெக்கார்டு பட்டன் இன்னும் பழகலம்மா. செதம்பரத்துல பண்ண அதே வேலய மெட்ராஸ்லயும் பண்ணி வச்சிருக்கான்."

சிரித்துக்கொண்டே அவர் கீழே போய்விட்டார். ஜான்சியின் பேனா மட்டும் தாளில் ஒரு புள்ளியிலேயே ஊன்றி நின்றது.

2005, ஆவணி. சிதம்பரம் மேலவீதியில் ஒரு கல்யாணம். மணப்பெண் அறைக்குள் லைட் பிடிக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்று வீட்டார் கேட்டதால் ஜான்சியும் போயிருந்தாள். விடிகாலையிலிருந்து நின்ற அசதியில் பூவராகன் பட்டனை ஒருதரம் கூடுதலாக அமுக்கிவிட்டான். அதன் பிறகு எல்லாமே மாறிவிட்டது. ஓடுகிறது என்று அவன் நினைத்தபோது காமிரா நின்றிருந்தது. நின்றது என்று நினைத்தபோது ஓடியது. தாலி கட்டியது கேசட்டில் இல்லை. தாலி கட்டி முடிந்து, டீ குடிக்க இருவரும் வீதியில் இறங்கி நடந்தது, காமிரா அவன் கையில் தலைகீழாகத் தொங்கியபடி, முழுசாக இருந்தது.

ஜான்சிதான் காப்பாற்றினாள். போட்டோக்களை மெல்லப் பெரிதாக்கி, வேறு கல்யாணத்துக் கெட்டிமேளத்தை ஓட்டி, வேறு யாரோ அட்சதை போடும் கைகளைச் சேர்த்தாள். "இது யாரு கை?" என்று பெண்ணின் அம்மா கேட்டதற்கு, "மாப்ள வூட்டுக்காரங்க" என்றாள் கண் இமைக்காமல். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டார் கை என்றாள்.

அந்தக் கேசட்டை அழித்துவிடச் சொன்னார் முதலாளி. அழித்தாகிவிட்டது என்றுதான் பூவராகனும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். அது 'ஹெட் கிளீனர்' என்று அவள் கையெழுத்தில் ஒட்டிய டப்பாவில், பீரோவின் அடித்தட்டில் இருந்தது. காமிராவைத் துடைக்கிற ஹெட் கிளீனர் கேசட்டில் யாரும் கல்யாணம் எடுக்க மாட்டார்கள்.

கரண்ட் வந்தது. அவள் பாட்டை மறுபடி ஓட்டினாள். மூன்று நிமிடம் ஐந்து வினாடி. இந்த இடத்தைக் காலையிலிருந்து 'அழகு' என்று மட்டும் எழுதித் தாண்டி வந்திருந்தாள். ஈரத் தெரு. பச்சை ரப்பர் செருப்பு போட்ட ஒரு பெண்ணின் கால்கள். வலது செருப்பின் வாரில் ஒரு ஊக்கு. பெண் நடந்து நடந்து படச் சட்டத்தை விட்டுப் போய்விடுகிறாள். வெறும் தெருவைக் காமிரா பதினொரு வினாடி பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேசட் இல்லாமல், மனசில் இருந்ததை வைத்தே எடுத்திருக்கிறான். அன்று அவள் செருப்பில் இருந்த ஊக்கை ஆறு வருஷம் வைத்திருந்திருக்கிறான். ஒரு நல்ல ஷாட் என்று வைத்திருந்தானா, அவளை வைத்திருந்தானா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். சென்னைக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில் அவன் 'வரியா' என்று கேட்கவில்லை. 'போகாதீங்க' என்று அவளும் சொல்லவில்லை. வேதக்கோயில் தெருக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பேர் வைத்த பையனுக்கும் நடுவில் இருந்ததைச் சொல்லாமல் விட்ட பழியை இருவருமே ரயில் இரைச்சலின் மேல் போட்டுவிட்டார்கள்.

பழைய காமிராவை டி.வி.யில் சொருகி, டப்பாவைத் திறந்து கேசட்டைப் போட்டாள்.

தலைகீழான மேலவீதி. தெளித்த வாசல்களின் ஈரம். இரைச்சலுக்கு நடுவில் பூவராகன் குரல்: "இந்தச் செருப்ப மாத்தவே மாட்டியா?"

"அறுந்தா பாத்துக்கலாம்."

"அறுந்துதானே ஊக்கு போட்டிருக்க!"

"ஊக்கு அறுந்தா பாத்துக்கலாங்கறேன்."

அவள் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவன் பாட்டில் இந்த இடத்துக்குச் சத்தமே இல்லை, கித்தார்கூட ஓய்ந்துவிடுகிறது.

தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை நிறம், கட், கறுப்பு என்று நிதானமாக எழுதினாள். பதினாறு: 'ஊக்கு இடது கால் செருப்பில் இருக்க வேண்டும்.' எழுதிவிட்டுப் பார்த்தாள். இதைப் படித்தால் கேசட் அழியவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இடதா வலதா என்று அவளுக்கு எப்படி ஞாபகம் என்று கேட்பான். கேட்கட்டும். எழுதியதை அடிக்கவில்லை.

17 என்று போட்டாள். கேசட்டைக் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தினாள்.

'இந்த ஷாட்டில் பெண் தனியாகப் போகக் கூடாது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் இருந்தது. காமிரா உங்கள் கையில் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.'

கீழே கூரியர்காரர் வண்டிச் சத்தம் கேட்டது. "ஏம்மா ஜான்சி, ஆள் வந்தாச்சு, குடுக்கிறது இருக்கா?" என்றார் முதலாளி. "ஒரு நிமிஷம்ணே" என்றாள். உறைக்குள் கடிதம் போயிற்று. கேசட் இன்னும் காமிராவுக்குள் இருந்தது.

திரையில் நிறுத்திய படம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பழைய கேசட் அப்படித்தான், நிறுத்தினாலும் நிற்காது. ஓரத்தில் தோல் செருப்பு போட்ட இரண்டு கால்கள். அவற்றை ஒட்டி, ஈரத் தெருவுக்கு மேல், ஊக்கு மின்ன, தூக்கிய ஒரு இடது கால், தரையைத் தொடாமல்.