பச்சையை எடுத்தபோது

"கண்ண மூடு மாமா. திறந்து பாக்கக் கூடாது," என்றபடி மிளகு அவன் விரல்களுக்குள் பேனாவைத் திணித்து, கையை இழுத்து ஸ்கேன் உறையின் மேல் வைத்தாள்.

ஆள் சிறிசு, வாய் காரம் என்று அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் அவளுடைய அம்மா. அந்த அம்மா, அவனுடைய தங்கை, உள்ளறையில் செத்துக்கொண்டிருந்தாள். நுரையீரலில் வந்த நோய். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்து ஒன்பது நாளாகிறது. ஸ்கேன் உறைகளால் இனி யாருக்கும் பயனில்லை. மிளகுக்கு மட்டும் கெட்டியான பெரிய காகிதம் கிடைத்தது.

தங்கையின் மூச்சு முன்னறைவரை கேட்டது. அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல ஓர் இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஓர் இழுப்பு. அந்த இடைவெளியை இரண்டு நாளாக அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். காலையில் ஆறுவரை எண்ணினான். இப்போது பதினொன்றுவரை.

"பொண்ணுகிட்ட இன்னைக்கே சொல்லிடணும் மச்சான்," என்று தங்கையின் கணவன் சமையலறையில் வைத்துச் சொல்லியிருந்தான். "எனக்கு வாய் வரல. நீங்க சொன்னா கேட்டுக்குவா."

அதற்காகத்தான் வந்து தரையில் உட்கார்ந்தான். எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் கையில் பேனா வந்துவிட்டது.

"இப்ப கிறுக்கு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

கிறுக்கினான். கண்ணைத் திறந்தபோது உறை முழுக்கச் சிக்கு விழுந்த நூல்போலக் கோடுகள்.

"இது என்ன?"

"வீடு. இதெல்லாம் ரூமு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் அடிக்கணும். பக்கத்துப் பக்கத்துல ஒரே கலர் வரக் கூடாது. வந்தா சண்டை போட்டுக்கும்."

"வேற வேற கலரா இருந்தா?"

"பேசிக்காது. அதனால சண்டை வராது."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

வெல்டிங் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம். எதையும் இறுக்கிப் பிடித்தே பழகிய கை. முதல் கலர் பென்சிலின் முனை ஒடிந்தது.

"அழுத்தாத மாமா. அது என்ன இரும்பா?"

தளர்த்திப் பிடித்தான். முதலில் கோட்டை ஒட்டி ஓரமாக, அப்புறம் உள்ளே சாய்வாக. காகிதத்தில் பென்சில் உரசுவது காதுக்கு இதமாக இருந்தது. மஞ்சள் அறை முடிந்தது. ஊதா முடிந்தது. தோள் இறங்கியது. இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்பது, தாடை தளர்ந்தபோதுதான் தெரிந்தது. மூலையில் இலைபோல நீண்ட அறை ஒன்று இருந்தது. பச்சையை எடுத்தான். நுனியில் வெளிறலாகத் தொடங்கி, நடுவில் அடர்த்தியாக்கினான். நன்றாக வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினான்.

"மாமா."

"ம்."

"அம்மா சத்தம் நின்னு போச்சு."

பென்சில் நின்றது. காது கொடுத்துக் கேட்டான். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும். இருபதுவரை எண்ணினான். முப்பதுவரை எண்ணினான்.

"எப்ப நின்னுச்சு?"

"நீ பச்சை எடுத்தப்பவே."

"ஏம்மா சொல்லல?"

அவள் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ நல்லா அடிச்சிட்டு இருந்த."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கால் மரத்துப்போயிருந்தது.

"அம்மா செத்துப்போச்சா மாமா?"

"ஆமாம்மா."

அவன் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். தங்கையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கணவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவளுடைய பாதம் ஒன்றை இரு கைகளாலும் பொத்தி வைத்திருந்தான். மிளகு இறங்கிப் போய் அப்பாவின் முதுகில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே மாப்ள," என்றான் அவன்.

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்கல்ல, அப்ப கண்ணத் திறந்தா மச்சான். அண்ணனக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னு விரல அசைச்சா."

 அவன் குனிந்து, தங்கையின் வாயை மெல்ல மூடிவிட்டு, தாடை மறுபடி திறக்காமல் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணிநேரத்துக்குள் மாடிவீட்டம்மா வந்தாள், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். "நடையில துணி தொங்குது. ஆளுங்க வர்ற வழி, எடுத்துடுப்பா," என்றாள் அவள்.

கொடியில் தங்கையின் நைட்டிகள் மூன்று கிடந்தன. காய்ந்த இரண்டையும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தான். ஓரமெல்லாம் ஈரம். வாசலில் வண்டி ஒன்று வந்து நின்றது. அவன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். அவன் பின்கட்டுக்குப் போய் வெயில் விழும் இடமாகப் பார்த்து, ஈர நைட்டியை உதறி விரித்துப் போட்டு, பறக்காமலிருக்க இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினான்.