ஏழாம் நம்பர் நிறுத்தத்தில் நின்ற கேள்வி

அந்த ஊரில், பதில் கிடைக்காத கேள்வி கேட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். கேள்வி மட்டும் நிற்கும். பல வீட்டு வாசல்களில் ஒன்றிரண்டு நிற்பதுண்டு. தபால்காரர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவார்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற தெய்வசிகாமணிக்கு முப்பத்தெட்டு நின்றன. பதினோரு கேள்விகள் மேலதிகாரி அறையில் மட்டும். எல்லாவற்றிலும் பழையது ஏழாம் நம்பர் பஸ் நிறுத்தத்தில் நின்றது.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவர் மாற்றலாகிப் போன நாளில், கூட வேலை பார்த்த எஸ்தர் நிறுத்தம் வரை வந்து, "என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். அவர் உண்மையாகவே யோசித்தார். புது ஊரில் பார்த்துவைத்திருந்த வீட்டுக்கு மேற்கே ஜன்னல். எஸ்தருக்கு மேற்கு வெயில் ஆகாது, தலைவலி வந்துவிடும். ஜன்னலின் அகலத்தை அவர் மனதுக்குள் அளந்து முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

மூன்று வருடத்தில் திரும்பி வந்தார். எஸ்தர் அதற்குள் கல்யாணமாகி வேறு ஊர் போயிருந்தாள். கேள்வி அங்கேயே இருந்தது. எஸ்தரின் சாயலிலேயே இருந்த அதற்கு வயது ஏறவில்லை. அவர் தோள் உயரம்தான். ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் எஸ்தர் குரலில் ஒருமுறை கேட்கும்.

"ஏம்மா, அந்தாளு இன்னும் வாயத் தொறக்கலையா?" என்பார் கண்டக்டர். "சீட்டு காலியாத்தான் இருக்கு, நீ பாட்டுக்கு ஏறேன்."

கேள்வி ஏறாது. சிகாமணி தினமும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு டாக்டர் அவரோடு மூன்று மணி நேரம் பேசி, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவிடாத ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் இரண்டும் பிறந்ததிலிருந்தே இருப்பதாக எழுதிக்கொடுத்தார். செவ்வாய்தோறும் வீட்டுக்கு வர ஒரு பயிற்சியாளரையும் ஏற்பாடு செய்தார். பெயர் ஷம்ஷாத். அந்த அம்மாள் முதல் நாளே சொன்னார்:

"சார், யாராவது கேட்டு உடனே பதில் வரலேன்னா, அன்னிக்கே கேள்வியோட கையப் பிடிச்சுக்குங்க. கூடவே வீட்டுக்கு வந்துடும். நிதானமா யோசிச்சுச் சொல்லலாம். ஒரு ராத்திரி தாண்டிட்டா வேர் விட்டுடும், நகராது."

"இது எல்லாருக்கும் தெரியுமா மேடம்?"

"தெரியும் சார். பார்த்தே கத்துக்கிட்டாங்க. உங்களுக்குத்தான் யாராவது சொல்லியிருக்கணும்."

சிகாமணி வெகு நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்தில் முப்பத்தேழு கேள்விகளை முடித்தார்கள். ஏழாம் நம்பர் மட்டும் மிச்சம். அப்போது நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. சாலையை அகலப்படுத்த வெள்ளிக்கிழமை காலை நிறுத்தத்தை இடிக்கிறார்கள். அங்கே நிற்கும் கேள்விகளை வேரோடு பிடுங்கி, லாரியில் ஏற்றிச் சந்தைத் திடலில் இறக்குவார்கள். திடலில் நிற்கிற கேள்வி, யாருடைய பதில் வந்தாலும் அதோடு போய்விடும்.

"இன்னிக்குப் பதில் எழுத வேணாம். பேனாவ மட்டும் எடுங்க, போதும்" என்றார் ஷம்ஷாத்.

சிகாமணி எடுத்தார். அரை மணி நேரம் கழித்து மேஜைமேல் நாற்பத்தொரு பேனாக்கள் வாங்கிய வருட வரிசையில் கிடந்தன.

"பேனா எடுக்கச் சொன்னேன் சார். கடை போடச் சொல்லல."

அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பக்கம் எழுதி, நிறுத்தத்துக்குப் போய்ப் படித்துக் காட்டினார். கேள்வி மரியாதையாகக் கடைசி வரி வரை கேட்டது. அடுத்த பஸ் கிளம்பியதும் மறுபடி கேட்டது.

"அளவு சேரல" என்றார் ஷம்ஷாத். "இது ஐம்பத்து நாலு வயசுப் பதில். அன்னிக்கே ஒண்ணு வந்திருக்குமே?"

வந்தது. அன்று பஸ் கிளம்பிப் பதினோராவது கிலோமீட்டரில், ரயில்வே கேட் மூடி பஸ் நின்றபோது வந்தது. வாய்விட்டே சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அது அங்கதான் நிக்கும். சொன்னவர் போய்க் கூப்பிட்டா வரும்" என்றார் ஷம்ஷாத்.

புதன்கிழமை தனியாகப் போனார். கேட்டில் கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டிகளை எண்ணினார். ஐம்பத்தெட்டு. அதை மனதுக்குள் மறுபடி எண்ணிச் சரிபார்த்து முடித்தபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் இருந்தது. தான் வேண்டுமென்றே எண்ணினோமா என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தார்.

வியாழக்கிழமை ஷம்ஷாத் கூட வந்தார். "நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். பக்கத்துல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்." மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வழி நெடுகப் பட்டாணி உரித்தார். கேட் வந்தது. சிகாமணி எழுந்து இறங்கினார்.

பதில் கேட் கீப்பர் அறையின் நிழலில் நின்றிருந்தது. நீலச் சட்டை, தலை நிறைய முடி, அன்றைய சிகாமணியேதான்.

"உங்களுதா சார்?" என்றார் கேட் கீப்பர். "யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது."

சிகாமணியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அது தயாராக எடுத்துக்கொண்டது இருபது நிமிடம்தான்.

நான்கு மணிக்கு மூவரும் நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர் அன்று மாற்றலாகிப் போன ஊர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. விசில் ஊதியதும் கேள்வி கேட்டது:

"என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

"வா" என்றது பதில். "மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டுக்கலாம்."

கேள்வி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தது. காலைத் தரையிலிருந்து உருவி எடுத்தது. "ஒருவழியா!" என்று கண்டக்டர் வழிவிட, இரண்டும் ஏறின. ஜன்னல் ஓரத்தைப் பதில் அவளுக்கு விட்டுக்கொடுத்தது. சிகாமணியும் அப்படித்தான் செய்திருப்பார். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷம்ஷாத் புடவையில் ஒட்டியிருந்த பட்டாணித் தோலைத் தட்டிவிட்டு, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார்.

சிகாமணி வாயைத் திறந்தார். உள்ளே ஏதோ இருந்தது. அதன் அகலம் பிடிபடவில்லை.

"அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஷம்ஷாத் கிளம்பினார். அவருடைய கேள்வி நிறுத்தத்தில் நின்றது. குட்டையாக இருந்தது. பச்சைப் பட்டாணி வாசனை அடித்தது. சிகாமணி கையை நீட்டினார். அது பிடித்துக்கொண்டது.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அதற்குப் போட்டார். மேற்கு வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்தது. அவர் போய்த் திரையை இழுத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்தார்.