சவரிராஜ் வீட்டு ஜெபமாலை

கீரனூரில் தன்னைப் போல் ஒழுங்காகக் குடும்ப ஜெபமாலை நடத்தும் தகப்பன் கிடையாது என்பது சவரிராஜின் எண்ணம். அன்று பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்திருந்தார். பெருமை தாங்காமல் சவரிராஜ், தினமும் கேட்டே ஜெபத்தைப் பாடம் செய்திருந்த நாலு வயது மகள் ஜெர்லினைத் தொடங்கச் சொன்னார். எல்லாரும் முட்டி போட்டார்கள்.

அவள் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, ஏய் நேரா முட்டி போடு, பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, அந்தப் போனைக் கீழ வையிடி..."

சவரிராஜ் வெட்கத்தில் குதிகால்மேல் சரிந்து உட்கார்ந்தார். "பாப்பா, அதெல்லாம் ஜெபத்துல வராது."

"தெனமும் நீங்கதானப்பா சொல்றீங்க!"

சிரிப்பை அடக்கிய சாமியார், "நிறுத்தாதம்மா, மேல சொல்லு" என்றார்.

ஜெபமாலையின் அடுத்த மணியிலும் அதே இடத்தில், "ஏய் நேரா முட்டி போடு" வந்தது.

சவரிராஜ் சட்டென்று நிமிர்ந்து முட்டி போட்டார்.